அரசு எதைச் சாப்பிடுகிறது?



பத்தாம் வகுப்பில் மொத்த உள்நாட்டு உற்பத்தி நடத்தியபோது, "நுகர்வுன்னா சாப்பிடுறது. அரசு எதை சார் சாப்பிடும்?" என்றாள் ஒரு மாணவி.

"நான் நடத்துற இந்தப் பாடத்தைத்தாம்மா!"

சிரித்தார்கள். உண்மை அதுதான். நம் ஊதியம் அரசின் நுகர்வுச் செலவு. வகுப்பறை கட்டினால் மூலதனம். முதியோர் உதவித்தொகை இரண்டிலும் சேராது. இந்தியாவில் இந்த நுகர்வு நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 10 விழுக்காடு. பள்ளிக் கட்டணமே இல்லாத சுவீடனில் 25க்கும் மேல். நம் தனியார் பள்ளிக் கட்டணங்கள் குடும்பங்களின் நுகர்வில் ஏறிவிடும்.

என்னை உறுத்துவது வேறு. அரசுப் பள்ளிக் கல்விக்கு விற்பனை விலை இல்லை. செய்த செலவையே மதிப்பாக எழுதுகிறார்கள். குழந்தை வாசிக்கக் கற்றாலும் கற்காவிட்டாலும் அந்த ஆண்டின் எண் மாறாது.

இதையும் வகுப்பில் சொன்னேன்.

"அப்போ நாங்க கத்துக்கிட்டது எதுல சார் வரும்?" என்றாள் அவள்.