அயல்கூட்டம்: பலமும் சோதனையும்

(கோவை ஆர்.எஸ்.புரத்தில் குடியிருப்போரும் மாதர் ஊழியர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இந்த வட்டாரத்தில் குடியிருப்போர் ஸ்தாபனம் ஒன்றை எப்படிக் கட்டுவது, எப்படி வளர்ப்பது என்று பேசச் சொன்னீர்கள். நகரசபைத் தலைவராயிருந்த சி.எஸ். இரத்தினசபாபதி முதலியாரின் பெயரைத் தாங்கிய பகுதி இது. நேர் நேராகப் போட்ட ரோடுகள், பெரிய கடைகள், பெரிய வீடுகள். இங்கே வீட்டுச் சொந்தக்காரர்கள் சங்கம் வைத்துக்கொண்டால் யாரும் ஆச்சரியப்படமாட்டார்கள். ஆனால் விடியுமுன் இந்த ரோடுகளைப் பெருக்குகிறவர், நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அம்மாள், பூமார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர், இவர்களெல்லாம் இந்த வட்டாரத்தார்தானா, இல்லையா? இதற்குப் பதில் சொல்லாமல் வட்டார அபிவிருத்தி என்று பேசுவது வீண் பேச்சு.

பதிலைத் தேடி வெகுதூரம் போகவேண்டாம். வாளையாறைத் தாண்டினால் போதும். கேரளத்தில் குடும்பஸ்ரீ என்று ஒரு மாதர் ஸ்தாபனம் இருக்கிறது. பெயரை எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறீர்கள். ஊறுகாயும் அப்பளமும் விற்கிற குழு என்றே நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது பிறந்த கதையே வேறு.

1990-களின் தொடக்கத்தில் ஆலப்புழை நகரசபையில் ஏழைக் குடும்பங்களைக் கண்டுபிடிக்கும் வேலை தொடங்கியது. வழக்கமாக என்ன நடக்கும்? குமாஸ்தா வருவார், வருமானம் எவ்வளவு என்று கேட்பார், சொன்னதை எழுதிக்கொண்டு போவார். அங்கே அப்படிச் செய்யவில்லை. ஒன்பது அடையாளங்களை வைத்துக்கொண்டார்கள். வீடு நல்ல வீடா, கக்கூஸ் உண்டா, குடிக்க நல்ல தண்ணீர் கிடைக்கிறதா, சம்பாதிப்பவர் ஒருவருக்கு மேல் உண்டா, இரண்டு வேளைக்கு மேல் அடுப்பு எரிகிறதா, இப்படி. நான்கு அடையாளங்கள் பொருந்தினால் அது ஏழைக் குடும்பம். இதைப் பார்த்துச் சொல்ல மேலதிகாரி எதற்கு? பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு இது தெரியும். யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது அவளிடம் மறையாது. அயல்கூட்டத்தின் முதல் பலம் இதுதான்.

1996-ல் இடதுசாரி முன்னணி சர்க்கார் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கி, திட்டப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஸ்தல ஸ்தாபனங்களின் கையில் கொடுத்தது. அந்த மண்ணில்தான் 1998 மே மாதம் குடும்பஸ்ரீ எழுந்தது. பத்து முதல் இருபது வீட்டுப் பெண்கள் சேர்ந்தால் ஓர் அயல்கூட்டம். வாரம் ஒரு வீட்டில் கூடுவார்கள். சிறு தொகை சேமிப்பார்கள். கணக்கை எல்லோர் முன்னும் படிப்பார்கள். அயல்கூட்டங்கள் வார்டு அளவில் ஒன்றாகச் சேரும். வார்டுகள் பஞ்சாயத்து அல்லது நகரசபை அளவில் ஒன்றாகச் சேரும். மூன்று படியிலும் நிர்வாகிகளைப் பெண்களே தேர்ந்தெடுக்கிறார்கள். இன்று மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட அயல்கூட்டங்கள், நாற்பத்தைந்து லட்சத்துக்கு மேற்பட்ட அங்கத்தினர்கள்!

"நம்மூரிலும் சுயஉதவிக் குழு இருக்கிறதே" என்பீர்கள். இருக்கிறது. 1989-ல் தர்மபுரி ஜில்லாவில் தொடங்கி இன்று எல்லா ஜில்லாக்களிலும் பரவியிருக்கிறது. அதைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. ஆனால் பல தெருக்களில் குழு என்றால் கடன், கூட்டம் என்றால் தவணை என்று ஆகிவிட்டது. போதாக்குறைக்குத் தனியார் கடன் கம்பெனிகளும் பெண்களைக் குழுவாக உட்கார வைத்து, ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் அவள் வாசலில் போய் நிற்க வேண்டும் என்று ஏற்பாடு செய்கின்றன. அயல்வீட்டு உறவையே வசூல் ஆயுதமாக்கும் வித்தை இது! இந்தக் கொடுமையைத் தடுக்க 2025-ல் தமிழ்நாடு சட்டமன்றம் ஒரு சட்டமே நிறைவேற்ற நேர்ந்தது. குடும்பஸ்ரீயிலும் கடன் உண்டு. ஆனால் கூட்டம் கடனோடு முடிவதில்லை. எங்கள் தெருவுக்குத் தண்ணீர்க் குழாய் வேண்டும், எங்கள் குழந்தைகளுக்கு அங்கன்வாடி வேண்டும் என்ற கோரிக்கை அயல்கூட்டத்தில் எழுந்து, வார்டில் திரண்டு, பஞ்சாயத்தின் திட்டத்தில் போய்ச் சேரும் பாதை அங்கே இருக்கிறது. ஆயிரக்கணக்கான பெண்கள் அந்தப் பாதையில் நடந்துபோய்ப் பஞ்சாயத்து மெம்பர்களாகவே ஆகியிருக்கிறார்கள்.

இனி சோதனைகளைச் சொல்லவேண்டும். நம்மவர்கள் கட்டிய ஸ்தாபனம் என்பதற்காக மூடி மறைக்க வேண்டியதில்லை.

2020-ல் ஜனகீய ஹோட்டல் திட்டம் வந்தது. 20 ரூபாய்க்கு மதியச் சாப்பாடு. கொரோனா ஊரடங்கில் ஊரே முடங்கிக் கிடந்தபோது பசித்தவனுக்கு அது அமிர்தமாக இருந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட ஹோட்டல்கள் எழுந்தன. சமைத்தவர்கள் குடும்பஸ்ரீப் பெண்கள். ஒரு சாப்பாட்டுக்கு 10 ரூபாய் சர்க்கார் மானியம். ஆனால் மானியம் மாதக்கணக்கில் பாக்கி விழுந்தது. பலசரக்குக் கடைக்காரனும் காய்கறிக் கடைக்காரனும் காத்திருப்பார்களா? நகையை அடகு வைத்தும் கடன் வாங்கியும் அடுப்பை அணையவிடாமல் காத்தார்கள். 2023 ஆகஸ்டில் மானியமே நிறுத்தப்பட்டது. மத்திய சர்க்கார் கேரளத்தின் கடன் வரம்பை நெரித்தது உண்மை, அதைக் கண்டிக்கிறோம். ஆனாலும் நெருக்கடியின் சுமை கடைசியில் யார் தலையில் இறங்கியது? அடுப்படியில் நின்ற பெண்ணின் தலையில். ஸ்தாபனம் வேகமாக வளரும்போது சர்க்கார் ஒவ்வொரு வேலையாக அதன் மேல் ஏற்றுகிறது. வேலை ஏறுகிற வேகத்தில் பணமும் பாதுகாப்பும் ஏறுவதில்லை.

வீடு வீடாகப் பிளாஸ்டிக் குப்பை சேகரிக்கும் ஹரித கர்ம சேனை விஷயமும் இதுதான். அவர்களைத் தொழில்முனைவோர் என்று அழைக்கிறார்கள். வெயிலில் மூட்டை சுமக்கிற பெண் தொழிலாளியா, முதலாளியா? பெயரை மாற்றினால் கூலியும் விடுப்பும் மருத்துவ உரிமையும் நழுவிப்போகும். தொழிற்சங்கம் இங்கே தயங்காமல் குறுக்கிட வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

இன்னொன்று. வீட்டுக்கு ஒரு பெண் என்பது அயல்கூட்ட விதி. தாயோ மாமியாரோ அங்கத்தினரானால், படித்துவிட்டு வேலை தேடும் மகளும் மருமகளும் வெளியே நிற்கிறார்கள். 2021-ல்தான் 18 முதல் 40 வயது வரையுள்ள பெண்களுக்குத் துணைக் குழுக்கள் அமைத்தார்கள். இருபது வருஷத்துக்கு மேல் கழித்து! ஸ்தாபனம் கட்டுகிறவர்கள் முதல் நாளே யோசிக்க வேண்டிய விஷயம் இது.

2012 அக்டோபரில், குடும்பஸ்ரீக்கு உரிய பணம் காங்கிரஸ் தலைவர்கள் நடத்திய ஜனஸ்ரீக்குப் போவதை எதிர்த்து, பெண்கள் திருவனந்தபுரத்தில் தலைமைச் செயலகத்தின் முன் இரவு பகலாக உட்கார்ந்தார்கள். வாரக் கூட்டத்தில் பேசப் பழகிய நாக்குதான் அங்கே கோஷமிட்டது. நம் தோழர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எதிர்க் கோஷ்டி கைப்பற்றுவது எவ்வளவு ஆபத்தோ, நம் கட்சிக் கமிட்டியே நிர்வாகிகளை முடிவு செய்து அனுப்புவதும் அவ்வளவு ஆபத்து. தேர்தல் தேர்தலாக நடக்கவேண்டும். நம்மை ஏற்காத பெண்ணும் அங்கே தலைவியாக முடியவேண்டும்.

இப்போது ஆர்.எஸ்.புரத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் 2022-ல் வார்டு கமிட்டி, ஏரியா சபை விதிகள் வந்தன. அவ்வருஷம் நவம்பர் 1-ம் தேதி முதல் ஏரியா சபைகள் கூடின. அந்த ஏரியாவின் வாக்காளர் எவரும் அதில் உட்காரலாம். சொந்த வீடோ வாடகை வீடோ, கேள்வியில்லை. குறையும் உண்டு: ஏரியாப் பிரதிநிதிகள் நியமிக்கப்படுகிறார்கள், மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை. அதை மாற்றப் போராடுவோம். அதுவரை இருக்கிற கதவைத் திறக்கலாமே! தெருவுக்குப் பத்துப் பெண்கள் கூடி, கோரிக்கையை எழுதி, பத்துப் பேரும் கையெழுத்துப் போட்டுச் சபைக்குக் கொண்டுபோங்கள். இங்கே வேலைக்கு வந்து உக்கடத்திலும் செல்வபுரத்திலும் குடியிருக்கிறவர்கள் அவரவர் ஏரியாவில் இதைச் செய்யட்டும். இங்குள்ள நம் சங்கத்திலும் அவர்களுக்கு அங்கத்தினர் சீட்டு கொடுப்போம். முதல் கோரிக்கையாக இதை வையுங்கள்: சபை கூடும் தேதியை ஒரு வாரம் முன்பே தெருமுனையில் ஒட்ட வேண்டும், வேலைநாள் காலையில் கூட்டாமல், பாத்திரம் தேய்க்கிறவளும் வந்து உட்காரும்படி ஞாயிற்றுக்கிழமை மாலையில் கூட்ட வேண்டும்.