ஆட்டக்காரரும் ஒப்பந்தமும்



1972-இல் பாபி ஹல் என்னும் பனி ஹாக்கி வீரர் சிகாகோ அணியை விடுத்துப் போட்டி லீக்கிற்குச் சென்றார். சோவியத்தை எதிர்த்த கனடா அணியில் இடமிழந்தார். நம் நாட்டிலும் 2012-இல் 'உலகத் தொடர் ஹாக்கி' எட்டு அணிகளுடன் எழுந்தது. சென்னைக்கும் ஓர் அணி இருந்தது. அங்கீகாரமற்ற அத்தொடரில் ஆடுவோர்க்குத் தேசிய அணியில் இடமில்லை என எதிரமைப்பான 'ஹாக்கி இந்தியா' எச்சரித்தது. தொடரோ ஒரே பருவத்தோடு நின்றது. 2013-இல் ஹாக்கி இந்தியாவே தனி லீக் கண்டது.

இச்செய்தி தேவிகுளத்தார்க்கு அயலன்று. முன்பணக் கடனால் கங்காணியிடம் கட்டுண்டிருந்த தோட்டத் தொழிலாளரின் வழித்தோன்றல்கள் நாம். ஒப்பிய சொல்லைக் காத்தல் கடமையே. ஆயினும் அச்சொல் இருதரப்பையும் கட்டுதல் வேண்டும்; தவணை முடிந்தபின் வேறிடம் நாடுவது குற்றமாகலாகாது.