விடாத வேலையின் கணக்கு



வேலையை விட்டவர்களை எண்ணிவிடலாம். விட நினைத்தும் விடாமல் இருப்பவர்களை எப்படி எண்ணுவது? அமெரிக்கப் பொருளியலாளர் பிரிஜிட் மேட்ரியன் 1994இல் வெளியிட்ட கட்டுரை இதைத்தான் கேட்டது.

அந்தக் கேள்விக்கு ஒரு பின்னணி உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், அமெரிக்க அரசு சம்பள உயர்வுக்குக் கடிவாளம் போட்டது. ஆள் கிடைக்காத கம்பெனிகள் மருத்துவக் காப்பீட்டைக் காட்டி ஆள் சேர்த்தன. பிறகு வரிச்சலுகையும் சேர்ந்துகொள்ள, போர்க்கால ஏற்பாடு அப்படியே தங்கிவிட்டது. வேலையை விட்டால் காப்பீடும் கையைவிட்டுப் போகும் நிலை. அந்தப் பயத்தில் விடாமல் இருந்தவர்கள் எத்தனை பேர் என்பதே கேள்வி.

மேட்ரியன் 1987ஆம் ஆண்டின் மருத்துவச் செலவுக் கணக்கெடுப்பை எடுத்தார். கம்பெனிக் காப்பீடு உள்ள மணமான ஆண்களில், வேறு வழியிலும் காப்பீடு உள்ளவர்கள், இல்லாதவர்கள் என்று பிரித்தார். குடும்பம் பெரியதா, மனைவி கர்ப்பமாக இருக்கிறாரா என்றும் பார்த்தார். கம்பெனிக் காப்பீடே இல்லாதவர்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். இல்லாவிட்டால், "பிள்ளைகுட்டிக்காரன் எங்கே நகரப்போகிறான்?" என்று ஒரே வரியில் ஆய்வைத் தள்ளிவிடுவார்களே! ஆண்டுக்கு 16 சதவீதம் பேர் தாமாக வேலை மாறியிருக்க வேண்டிய இடத்தில், 12 சதவீதம் பேரே மாறினார்கள் என்பது அவர் கண்ட விடை. பின்னால் வந்த ஆய்வாளர்கள் எல்லோரும் இதை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் கேள்வி நின்றுவிட்டது.

எனக்கு இதைவிடப் பிடித்தது, டென்னிஸ் ஷேயுடன் சேர்ந்து அவர் 2001இல் எழுதியது. ஒரு கம்பெனி, புதிதாகச் சேர்பவர்களை ஓய்வூதியச் சேமிப்பில் தானாகவே சேர்த்தது; வேண்டாதவர்கள் விலகிக்கொள்ளலாம். சேமிப்போர் எண்ணிக்கை கிடுகிடுவென உயர்ந்தது. ஆனால் சம்பளத்தில் கம்பெனி ஒரு பேச்சுக்கு வைத்த 3 சதவீதத்திலேயே, அது தேர்ந்துவைத்த பத்திரமான நிதியிலேயே, பலர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். முன்பு தாமாக முடிவெடுத்தவர்களில் வெகுசிலரே தேர்ந்தெடுத்த அளவு அது!

இன்று பட்டம் பெறும் மாணவர்களே, நியமன ஆணை கைக்கு வந்ததும் சிடிசி, அதாவது கம்பெனி உங்களுக்காகச் செய்யும் மொத்தச் செலவு, எவ்வளவு என்றுதான் உங்கள் கண் போகும். தவறில்லை. பி.எஃப். பிடித்தம் எவ்வளவு, காப்பீட்டில் அப்பா அம்மாவைச் சேர்க்கலாமா என்பதையும் கையெழுத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள். உங்களில் சிலர் நாளை எச்.ஆர். நாற்காலியில் அமர்ந்து அந்தப் படிவங்களைத் தயாரிப்பீர்கள். எந்தக் கட்டத்தில் முன்கூட்டியே டிக் போடுகிறோம் என்று யோசித்துப் போடுங்கள். புதிதாகச் சேர்ந்தவர் பெரும்பாலும் அதை மாற்றமாட்டார்.