குருத்தணுவும் கருமுட்டையும்



பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில், எலெக்ட்ரானிக் சிட்டியைக் கடந்தால் வருவது பொம்மசந்திரா. பிழைப்பு நாடிச் சென்ற நம்மவர் பலர் அங்குள்ள தொழிற்சாலைகளில் பணிபுரிகின்றனர். 2025 ஆகஸ்டு முதல் மெட்ரோ ரயிலும் அவ்வூர்வரை ஓடுகிறது. அங்கேயுள்ள நாராயணா மருத்துவ நகரில், இரத்தப் புற்றுநோய் கண்டவர்களுக்கு எலும்பு மஜ்ஜை மாற்றும் சிகிச்சை நடைபெறுகிறது.

மஜ்ஜையில் ஸ்டெம் செல்கள் உள்ளன. இவற்றைத் தமிழில் குருத்தணுக்கள் என வழங்குகின்றனர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இச்சொல் மிகவும் உகந்ததாகப் படுகிறது. தென்னையின் ஓலையும் பாளையும் உச்சியிலுள்ள ஒரே குருத்திலிருந்து தோன்றுவது போல, இரத்தத்தின் செவ்வணு, வெள்ளணு யாவும் இவற்றிலிருந்தே தோன்றுகின்றன. நோயுற்ற மஜ்ஜையைக் கடும் மருந்துகளால் அழித்துவிட்டு, உடன்பிறந்தாரிடமோ பிறரிடமோ பெற்ற குருத்தணுக்களைச் செலுத்துகின்றனர். பல குழந்தைகள் பிழைத்துவிடுகின்றன.

ஆயினும் அம்மருந்துகள் மஜ்ஜையோடு நின்றுவிடுவதில்லை; பெண் குழந்தையின் சினைப்பையையும் தாக்குகின்றன. பெண் மகவு பிறக்கும்போதே பத்து முதல் இருபது இலட்சம் முட்டைகளின் கருவணுக்களோடு பிறக்கிறது. அதன்பின் புதியன உண்டாவதில்லை என்பதே அறிஞர் பெரும்பாலோர் கொள்கை. எட்டு வயது மகளின் உயிருக்கு மன்றாடும் பெற்றோர், பிற்காலத்தில் அவள் தாயாவதைப் பற்றி எங்ஙனம் எண்ணுவர்?

இதற்கு ஒரு வழி உண்டு. சிகிச்சைக்கு முன்பே சினைப்பைத் திசுவை எடுத்து, உறைகுளிரில் காத்து, வளர்ந்தபின் மீண்டும் பொருத்துவது. அரிவாளணு நோய்க்காக மஜ்ஜை மாற்றிக்கொண்ட ஒரு பெண்ணுக்குப் பதின்மூன்று வயதில் பெல்ஜியம் நாட்டில் இவ்வாறு செய்தனர். 2014இல், தம் இருபத்தேழாம் வயதில், அவர் ஆண் மகவு ஈன்றார். ஆனால் இரத்தப் புற்றுநோயில் இவ்வழி ஆபத்தானது. காத்துவைத்த திசுவிலேயே புற்றணு ஒளிந்திருந்து, நோயைத் திரும்பக் கொணரக்கூடும்.

ஆகவேதான் கருமுட்டையைச் சோதனைச்சாலையிலேயே வளர்க்கும் முயற்சி நம் கவனத்துக்குரியதாகிறது. முதிர்ந்த உடலணுவையும் குருத்தணுவாக மாற்றலாம் என்று ஜப்பானிய அறிஞர் ஷின்யா யமனாகா 2006இல் காட்டினார். 2012இல் நோபல் பரிசும் பெற்றார். அவர் நாட்டவரான கட்சுஹிக்கோ ஹயாஷியும் அவருடைய குழுவினரும் 2016இல், சுண்டெலியின் வால் நுனியிலிருந்து எடுத்த அணுக்களைக் குருத்தணுக்களாக்கி, கண்ணாடித் தட்டிலேயே கருமுட்டைகளாக முதிரச் செய்து, அவற்றிலிருந்து குட்டிகளும் பெற்றனர். 2023இல் ஆண் எலியின் அணுவிலிருந்தே முட்டை ஆக்கிக் காட்டினர். அப்போது தாய் எலிகளுள் வைத்த 630 கருக்களில் குட்டியாகப் பிறந்தவை ஏழே!

மனிதரிடத்தில் இன்னும் அத்துணை தூரம் செல்லவில்லை. 2018இல் கியோட்டோவில் மிட்டினோரி சைட்டோவின் குழுவினர், மனிதக் குருத்தணுக்களை எலிக்கருவின் சினைப்பை அணுக்களோடு சேர்த்து ஏறத்தாழ நான்கு திங்கள் வளர்த்து, முட்டையின் முன்னிலை அணுக்களை மட்டுமே பெற்றனர். எலியின் முட்டை சில வாரங்களில் முதிர்வது. மனித முட்டையோ கருப்பையில் தொடங்கி, ஆண்டுகள் பல காத்திருப்பது. அவ்வளவு நீண்ட வளர்ச்சியைத் தட்டில் நடத்துவது எளிதன்று.

இந்நிலையில், குருத்தணு ஊசியால் கருமுட்டை பெருகும் என்று எவரேனும் விளம்பரம் செய்தால், அன்பர்கள் பணப்பையைத் திறக்க வேண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகள், சில குறிப்பிட்ட நோய்களுக்கான இரத்தக் குருத்தணு மாற்றம் ஒன்றையே சிகிச்சையாக ஏற்றன. ஏனையவற்றை ஆராய்ச்சியாகவே கருதின.

மகளுக்குப் புற்றுநோய் என்று அறிந்த பெற்றோர், மருந்து தொடங்குமுன் மருத்துவரிடம் ஒன்று கேட்கலாம். பூப்பெய்திய பெண்ணாயின், நோய் இரண்டொரு வாரம் பொறுக்குமெனில், முட்டைகளை எடுத்து உறையவைக்க இயலுமா என்பதே அது. முட்டையை மட்டும் எடுப்பதால், திசுவை மீளப் பொருத்துவதிலுள்ள அபாயம் இதில் இல்லை. முதல் மருந்து ஏறியபின் கேட்பதில் பயன் குறைவு.