அமெச்சூர் வானொலியும் கூட்டுணர்வும்

பொழுதுபோக்கு என்ற சொல்லுக்கு இந்நாட்டில் அவ்வளவாக மதிப்பு இருந்ததில்லை. வேலையற்ற நேரத்தைக் கழிக்கும் வழி என்ற அளவிலேயே அது கருதப்பட்டு வருகிறது. ஆயினும், ஒரே பொழுதுபோக்கில் ஈடுபட்டோரிடையே உருவாகும் தோழமை, சில வேளைகளில் அரசு இயந்திரமே செயலற்று நிற்கும் இடத்திலும் பயன்பட்டிருக்கிறது. அமெச்சூர் வானொலி இதற்கு நல்ல சான்று. அந்தத் தோழமை எவ்வாறு உருவாயிற்று, கருவிகளும் விதிகளும் மாறியபோது அதற்கு என்ன நேர்ந்தது என்பது ஆராயத் தக்க பொருளாகும்.

அமெச்சூர் வானொலி, பொதுமக்கள் கேட்கும் ஒலிபரப்பினின்றும் வேறுபட்டது. மத்திய அரசு நடத்தும் தேர்வில் தேறி உரிமம் பெற்ற ஒருவர், தம் இல்லத்திலேயே ஒலிபரப்புக் கருவி அமைத்து, தம்மைப் போன்ற பிறருடன் உரையாடுவதே அது. ஒவ்வொருவருக்கும் 'வி.யு.' என்று தொடங்கும் அழைப்புக் குறி உண்டு. இதனைக் கொண்டு பொருள் ஈட்டுதல் கூடாது; வாணிபச் செய்தி அனுப்புதல் கூடாது; மறைகுறியில் பேசுதலும் கூடாது. உரையாடுவோர் ஒருவரையொருவர் 'ஓ.எம்.' என்று விளிப்பர். 'கிழவரே' என்று பொருள்படும் அவ்விளி பள்ளி மாணவனுக்கும் உண்டு, படைத் தளபதிக்கும் உண்டு. பதவியைச் சொல்லி அழைப்பதிலே அளவற்ற நாட்டம் உள்ள ஒரு சமுதாயத்தில் இது சிறிய செய்தி அன்று.

இத்துறையின் தொடக்கம் 1921ஆம் ஆண்டிற்குச் செல்கிறது. அமரேந்திர சந்திர குப்துவும், அவரை அடுத்து முகுல் போஸும் அவ்வாண்டிலேயே நிலையங்களை அமைத்தனர். 1939இல் உலகப் போர் மூண்டதும் பிரிட்டிஷ் அரசு கருவிகளை ஒப்படைக்குமாறு ஆணையிட்டது. விடுதலைக்குப்பின், 1948 மே 15 அன்று, மத்தியப் பிரதேசத்தின் மவ் நகரில் உள்ள ராணுவச் சிக்னல்ஸ் பள்ளியில் இந்திய அமெச்சூர் வானொலிச் சங்கம் தொடங்கப் பெற்றது. பின்னர் அதன் தலைமையகம் தில்லிக்கு மாறியது.

அடுத்த முப்பது ஆண்டுகள் பற்றாக்குறையின் ஆண்டுகள். அயல்நாட்டுக் கருவியை இறக்குமதி செய்வது பெரும்பாலோர்க்கு எட்டாக் கனி. போர் முடிந்தபின் ராணுவம் கழித்துவிட்ட வாங்கிக் கருவிகள் பழைய சாமான் சந்தைகளில் கிடைத்தன. ஒலிபரப்புக் கருவியை அவரவரே கட்ட வேண்டும். '807' என்ற வால்வைச் சுற்றியே அக்கால நிலையங்களில் பல எழுந்தன. ஒருவரிடம் வால்வு இருக்கும், மின்மாற்றி இராது. வேறொருவரிடம் படிகம் இருக்கும். அதைப் பொருத்தும் முறை தெரியாது. ஆகவே கேட்டுப் பெறுவதும் கேளாமலே கொடுப்பதும் இயல்பாயின. 40 மீட்டர் அலைவரிசைக்குச் செப்புக் கம்பியால் ஏரியல் கட்ட ஏறக்குறைய 20 மீட்டர் நீளம் வேண்டும். இரு மூங்கில்களுக்கிடையே அதனை இழுத்துக் கட்டத் தனி ஒருவரால் இயலாது. அண்டையில் உள்ள உரிமக்காரர் ஞாயிற்றுக்கிழமையன்று ஏணியோடு வந்து சேர்வார்.

தேர்வுக்கு மோர்ஸ் குறியீடு தேவைப்பட்டது. 1978ஆம் ஆண்டு விதிகளின்படி இரண்டாம் நிலைக்கு நிமிடத்திற்கு 5 சொற்கள், முதல் நிலைக்கு 12 சொற்கள். புள்ளியும் கோடுமான அவ்வொலியைத் தனியே பயில்வது கடினம்; ஒருவர் தட்ட மற்றவர் எழுத வேண்டும். மூத்தவர் ஒருவரின் வீட்டுத் திண்ணையிலோ சங்க அறையிலோ மாலைதோறும் இப்பயிற்சி நடக்கும். குறியீட்டோடு வேறு சிலவும் அங்கே கற்பிக்கப்பட்டன. பேசுமுன் அலைவரிசை காலியாக உள்ளதா என்று கேட்க வேண்டும். நலிந்த குறியோடு வருபவருக்கு முதலில் இடம் தர வேண்டும். அவசரச் செய்தி செல்லும்போது மற்ற யாவரும் வாய் திறவாதிருக்க வேண்டும். இவற்றுட் பல எந்தப் பாடநூலிலும் முதன்மை பெற்றவை அல்ல.

ஆனால் அக்காலத்தைப் பொற்காலம் என்று புகழ்வதற்கில்லை. வால்வும் வழிகாட்டியும் பெருநகரங்களில்தான் கிடைத்தன. சிற்றூரில் இருந்த ஆர்வலர் எத்தனை பேர் ஏரியல் கட்டாமலே ஆசையை விட்டனரோ! பெண்கள் மிகச் சிலரே வந்தனர். தேறியவர்களிலும் பலர், சரிபார்ப்புகள் முடிந்து உரிமம் கைக்கு வர நெடுங்காலம் காத்திருந்து சலித்துப் போயினர். அந்தத் தோழமை உள்ளே இருந்தவர்களுக்கே இனிமையாக இருந்தது.

1980களின் நடுவில் இறக்குமதி விதிகள் தளர்ந்தன. ஆயத்தமாகச் செய்யப்பட்ட கருவிகள் வந்தன, கையடக்கமானவையும் வந்தன. நகரங்களில், உயரமான இடங்களில் மறு ஒலிபரப்பு நிலையங்கள் நிறுவப்பட்டதும், சிறு கருவியைக் கையில் வைத்துக்கொண்டே நகரின் மறுகோடியில் உள்ளவருடன் பேச முடிந்தது. உறுப்பினர் தொகை பெருகியது. இனிக் கருவி பழுதுபட்டால் நண்பரை நாட வேண்டுவதில்லை, வாங்கிய கடையை நாடினால் போதும் என்ற நிலையும் வந்தது. மூத்தோரின் முணுமுணுப்பு அப்போதே தொடங்கிவிட்டது.

மோர்ஸ் தொடர்பான மாற்றம் அதனினும் பெரிய பூசலை எழுப்பியது. குறைந்த அதிர்வெண் அலைவரிசைகளில் இயங்குவோர் மோர்ஸ் அறிந்திருத்தல் கட்டாயம் என்ற பன்னாட்டு நிபந்தனையை, 2003இல் ஜெனீவாவில் கூடிய உலக வானொலித் தொடர்பு மாநாடு நீக்கியது. அந்தந்த நாடே முடிவு செய்யலாம் என்று விட்டது. இந்தியாவில் பொது நிலைக்கு மோர்ஸ் தேர்வு எளிதாக்கப்பட்டுத் தொடர்ந்தது. வரையறுக்கப்பட்ட நிலைக்குத் தேவையில்லை என்றாயிற்று. வாயில் அகலத் திறக்கப்பட்டதால் தரம் தாழும் என்றனர் ஒரு சாரார். இக்குறை பெரும்பாலும் நியாயமற்றது. குறியீடு அறியாதவர் ஒழுங்கு அறியாதவர் ஆகிவிடமாட்டார். உண்மையில் இழக்கப்பட்டது குறியீடு அன்று; அதைப் பயிலும் பொருட்டு இருவர் ஓரிடத்தில் அமர்ந்த அந்த மாலைப்பொழுதே. விதியை மாற்றியோரும் மாற்றத்தை எதிர்த்தோரும் இதனைக் கருதியதாகத் தெரியவில்லை. பயிற்சி வகுப்பிற்கு மாற்றாக வேறொரு கூட்டுப் பணியை ஏற்படுத்திக்கொண்ட சங்கங்கள் தளரவில்லை. ஏனையவற்றில் புதியவர்கள் தேர்வு எழுதினர், கருவி வாங்கினர், சில மாதங்களில் ஓய்ந்தனர்.

கூட்டுப் பணி என்பது என்ன பொருளுடையது என்பதை 2004 டிசம்பர் காட்டியது. ஹைதராபாதின் தேசிய அமெச்சூர் வானொலிக் கழகம் 1983 முதல் செயற்பட்டு வருவது. அதனைச் சேர்ந்த பாரதி பிரசாத் தலைமையிலான குழு, அம்மாதத் தொடக்கத்தில் அந்தமானுக்குச் சென்றது. பல ஆண்டுகளாக அமெச்சூர் இயக்கத்திற்கு அனுமதி தரப்படாதிருந்த தீவுகள் அவை. அரிய இடத்திலிருந்து வரும் ஒலியைப் பிடித்து, அதற்குச் சான்றாக 'கியூ.எஸ்.எல்.' அட்டை பெறுவது இப்பொழுதுபோக்கின் பெருமிதங்களுள் ஒன்று. ஆகவே உலகின் பல மூலைகளிலிருந்தும் அக்குழுவின் 'வி.யு.4' குறியை நோக்கி அழைப்புகள் குவிந்தன. வெளியார் பார்வையில் இது வெறும் விளையாட்டு.

டிசம்பர் 26 காலை ஆறரை மணியளவில் நிலம் அதிர்ந்தது, கடல் பொங்கியது. தொலைபேசித் தொடர்புகள் அறுந்தன. போர்ட் பிளேரில் இருந்த அதே நிலையம், அதே ஏரியல், அதே மனிதர்கள் செய்தித் தொடர்பு நிலையமாயினர். தீவில் இருந்தோர் உயிரோடு உள்ளனரா என்று தலைநிலத்தில் தவித்த உறவினர்களின் வினாக்கள் அலைவழியே சென்றன, விடைகள் திரும்பின. பெருஞ்சேதமுற்ற கார் நிகோபாருக்கும் கருவிகளுடன் தன்னார்வலர்கள் சென்றனர். அட்டைக்காக முந்தைய நாள் வரை முண்டியடித்தவர்கள், அலைவரிசையை விட்டுக்கொடுத்து ஒதுங்கி நின்றனர். திண்ணையில் கற்ற பழக்கம் அது. 1999இல் ஒரிசாவைத் தாக்கிய பெரும்புயலின் போதும், 2001 ஜனவரி 26 அன்று நேர்ந்த பூஜ் நிலநடுக்கத்தின் போதும் அமெச்சூர் வானொலியார் இத்தகைய பணியைச் செய்திருந்தனர். கையடக்கக் கருவிகள் இத்தகைய தருணங்களில் பெரிதும் உதவுவன என்பதையும், முணுமுணுத்த மூத்தோர் கருத்திற்கொள்ள வேண்டும்.

அண்மைக் காலத்தின் மாற்றம் வேறு வகையானது. 1993இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜோசப் டெய்லரும், ஸ்டீவ் பிராங்கேயும் 2017இல் 'எஃப்.டி.8' என்ற கணினி முறையை வெளியிட்டனர். மனிதச் செவிக்கு எட்டாத அளவு மெலிந்த குறியையும் இது பிரித்தறியும். மாடியில் ஏரியல் கட்ட இடமற்ற அடுக்குமாடிக் குடியிருப்பாளருக்கு இது வரப்பிரசாதம். ஆனால் 15 விநாடிக்கு ஒருமுறை மாறி மாறிச் செல்வன அழைப்புக் குறியும், இருப்பிடக் குறியும், குறியின் வலிமையும் மட்டுமே. இரு கணினிகள் கைகுலுக்கிக் கொள்கின்றன; அவற்றின் உரிமையாளர் தேநீர் அருந்தச் சென்றிருக்கவும் கூடும். ஒரே இரவில் நூறு நாடுகளைத் தொட்ட இளைஞர், அவற்றுள் ஒரு மனிதரின் பெயரையும் அறியாதிருக்கலாம். பேரிடர் நேரத்தில் பேசத் தெரிந்தவர்தாம் வேண்டும். பழகாத நாவு அன்று திடீரெனப் பழகிவிடாது.

தொழில்நுட்பமே தோழமையைக் கெடுக்கிறது என்று இதனால் முடிவு கட்டுவதும் தவறு. ஹைதராபாதைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த 'பிட்எக்ஸ்' என்ற கருவி இதற்கு மறுப்பாக நிற்கிறது. இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அவர் வெளியிட்ட அவ்வடிவத்திற்கு அரிய உதிரி எதுவும் வேண்டுவதில்லை. கம்பிச் சுருள் சுற்ற, தண்ணீர்க் குழாயில் போடும் வாஷரே போதும் என்றார் அவர். வரைபடத்தை அவர் மறைக்கவும் இல்லை. இந்தியாவிலும் அயல்நாடுகளிலும் ஏராளமானோர் அதனைக் கட்டினர், திருத்தினர், திருத்தியதைப் பிறருக்குச் சொல்லினர். பிற்காலத்தில் உதிரித் தொகுப்புகளாக அவை விற்கப்பட்டபோது, ஹைதராபாதில் பெண்களின் குழு ஒன்று சுருள் சுற்றும் பணியை மேற்கொண்டது. பற்றாக்குறை காலத்தில் வேறு வழியின்றி ஏற்பட்ட கொடுக்கல் வாங்கல், இங்கே விரும்பி ஏற்கப்பட்டது என்பதே வேறுபாடு.

உரிமத்திற்கு இன்று கணினி வழியே விண்ணப்பிக்கலாம். இது நல்லதே. ஆயினும் உரிமம் வழங்குவதோடு அரசின் கடமையும், தேர்வுக்குப் பயிற்றுவிப்பதோடு சங்கத்தின் கடமையும் முடிந்துவிடுவதாகக் கருதப்படுகிறது. மாவட்டப் பேரிடர் ஒத்திகைகளில் இவர்களுக்கு நிரந்தர இடம் தருவதும், பொறியியற் கல்லூரிகளில் கூட்டு நிலையங்கள் அமைப்பதும் பெருஞ்செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. புதிதாக வந்தவருக்கு முதல் ஆண்டிலேயே பிறரோடு சேர்ந்து செய்யும் ஒரு வேலை கிடைக்கும்.

அவ்வாறு வேலை கிடைத்த இடம் ஒன்று கங்காசாகர். மகர சங்கராந்தியை ஒட்டி, கங்கை கடலோடு கலக்கும் அத்தீவில் லட்சக்கணக்கானோர் நீராடக் கூடுகின்றனர். கூட்டத்தில் வழிதவறும் முதியோரைக் குடும்பத்தாரிடம் சேர்க்கும் பணியில் மேற்கு வங்க ரேடியோ கிளப்பின் உறுப்பினர்கள் ஆண்டுதோறும் ஈடுபடுகின்றனர். தவறியவர் பல வேளைகளில் வேற்று மாநிலத்தவர். ஊர்ப் பெயரையும் அரைகுறையாகவே சொல்வார். அவர் பேசும் வட்டார மொழியை அடையாளம் காண ஓர் உறுப்பினர் வேண்டும். அம்மொழி வழங்கும் மாவட்டத்தில் விசாரிக்க வேறோர் உறுப்பினர் வேண்டும். ஒலிபரப்புக் கருவியோடு கைபேசியும் பயன்படுகிறது. திருவிழா முடிந்து கடைகள் பிரிக்கப்பட்ட பின்னரும், ஊர் தெரியாத ஒரு மூதாட்டிக்காக இவ்விசாரணை வாரக்கணக்கில் நீள்வதுண்டு.