சட்டத்தின் சொல்லும் வயலின் சொல்லும்

(மட்டக்களப்பு வாவிக்கரையில், கமக்காரரும் கற்றோரும் கூடிய அவையில் ஆற்றப்பெற்ற உரை)



வயலில் நிற்பவனுக்கும் சட்டச் சொல்லுக்கும் என்ன உறவு என்று கேட்பாருளர். உறவு உண்டு. நமக்கு ஆலோசனை கூறக் கடமைப்பட்ட அலுவலர் யார், ஆராய்ச்சி நிலையம் எவருடைய ஆணைக்குட்பட்டது, நம் பிள்ளைகள் விவசாயம் பயிலும் பல்கலைக்கழகத்தை நிறுவும் அதிகாரம் எவருக்குரியது என்பவற்றையெல்லாம் சொற்களே வரையறுக்கின்றன. சொல் மயங்கின் உரிமையும் மயங்கும்.

1987ஆம் ஆண்டில் நிறைவேறிய அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தத்தைப் பாருங்கள். அதன் ஒன்பதாம் அட்டவணை அதிகாரங்களை மூன்று நிரல்களாகப் பிரிக்கின்றது. மாகாணத்துக்குரிய முதலாம் நிரலின் ஒன்பதாம் விடயம் விவசாயமாகும். விரிவாக்கமும் விவசாயக் கல்வியும் அதனுள் அடங்கும். ஆனால், 'மாகாண நோக்கங்களுக்காக' என்று ஒரு வேலி அங்கே போடப்பட்டிருக்கின்றது. மாகாணங்களுக்கிடையிலான நீர்ப்பாசனத் திட்டங்களும் குடியேற்றத் திட்டங்களும் அரச காணியும் பெருந்தோட்டமும் அவ்வேலிக்கு அப்பால் நிற்கின்றன. ஒரு திட்டத்தின் நீர் இரு மாகாணங்களைத் தொடுமாயின், அதன் கீழ் நெல் விதைப்பவனுக்கு ஆலோசனை கூறும் பொறுப்பு மத்திக்குச் செல்கின்றது. வரம்பின் இப்பக்கம் ஓர் அலுவலர், அப்பக்கம் வேறோர் அலுவலர் என்னும் நிலை இச்சொற்களிலிருந்தே பிறந்தது.

ஆராய்ச்சியின் கதை இன்னும் நுட்பமானது. விவசாய ஆராய்ச்சி மாகாணத்துக்கு உரியதாம். ஆனால் தேசிய விவசாய ஆராய்ச்சி நிறுவனங்கள் எனக் குறித்துரைக்கப்பட்டவை நீங்கலாக! குறித்துரைப்பவர் யார்? எந்த அளவுகோலைக் கொண்டு? அவ்வாசகத்துள் விடையில்லை. உயர்கல்வியோ மத்தியும் மாகாணமும் சேர்ந்து கையாளும் மூன்றாம் நிரலில் வைக்கப்பட்டது. ஆராய்ச்சி, விரிவாக்கம், உயர்கல்வி ஆகிய மூன்றும் ஓரேரிற் பூட்டவேண்டிய எருதுகள். சட்டமோ அவற்றை வெவ்வேறு தொழுவங்களிற் கட்டியிருக்கின்றது.

அயலகமாகிய இந்தியாவை நோக்குவோம். அந்நாட்டு அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் 14ஆம் பதிவு, விவசாயக் கல்வியையும் ஆராய்ச்சியையும் உள்ளடக்கிய விவசாயம் என்று ஒரே தொடரிற் கூறுகின்றது. உயர்கல்வியின் தரத்தை ஒருங்கிணைக்கும் அதிகாரத்தை ஒன்றியம் தன்னிடம் வைத்துக்கொண்டபோதிலும், 1971இல் கோயம்புத்தூரில் வேளாண்மைப் பல்கலைக்கழகம் அமைக்கத் தமிழ்நாட்டுக்கு இடமிருந்தது.

இனி மொழியின் நிலையைச் சிந்திப்போம். 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிற்று. 1987இல் தமிழும் அரசகரும மொழியென ஏற்கப்பட்டது. 1988ஆம் ஆண்டின் பதினாறாம் திருத்தத்தின்படி, சட்டங்கள் சிங்களத்திலும் தமிழிலும் இயற்றப்படல் வேண்டும். ஆயினும், இயற்றப்படும் சட்டங்களின் இறுதிப் பிரிவைப் புரட்டுங்கள்: இரு உரைகளும் முரண்படின் சிங்கள உரையே மேலோங்கும் என்பது அங்கே வழக்கமாக எழுதப்படும் வாசகம். எனவே தமிழ் உரையில் ஒரு சொல் பிழைபடுமாயின், அப்பிழையின் சுமை தமிழில் மட்டும் படிப்பவன் தலையிலேயே விழும்.

அத்தமிழ் உரையாவது நமக்கு விளங்குகின்றதா? 'விரிவாக்கம்' என்றால் வீதியை அகலமாக்குவது என்றே படுவான்கரைக் கமக்காரன் கொள்வான். ஆராய்ச்சியின் பயனை வயலுக்குக் கொணர்வதும், வயலின் குறையை ஆராய்ச்சிக்கு எடுத்துச் செல்வதுமாகிய இருவழிப் பணி அச்சொல்லிற் புலப்படவில்லை. 'வேளாண்மை' என்னும் சொல்லோ தமிழ்நாட்டில் விவசாயம் அனைத்தையும் குறிக்கும். இங்கு வேளாண்மை வெட்டுதல் என்றால் நெல் அறுவடை. அச்சொல்லை ஆராயாது சட்டத்தில் இட்டால் தென்னையும் கச்சானும் மரமுந்திரிகையும் புறத்தே நின்றுவிடும்.

1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் பீடைகொல்லிகளைக் கட்டுப்படுத்துவது. பூச்சியைக் கொல்வது மட்டுமன்று; களையையும் பூஞ்சணத்தையும் அழிப்பனவும் அதனுள் அடங்கும். வயலிலோ இவையனைத்தும் 'மருந்து'. நஞ்சை மருந்து என்று வழங்கும் ஊரில், சட்டத்தின் எச்சரிக்கை எவ்வாறு காதில் ஏறும்? இந்தியா 1968இல் இயற்றிய சட்டமோ பூச்சிகொல்லி என்னும் பெயருக்குள்ளேயே களைகொல்லியையும் அடக்கிற்று. பெயரை மட்டும் பார்ப்பவன் ஏமாறுவான். வரைவிலக்கணத்தைப் படிப்பவனே தப்புவான்.

வந்தாறுமூலையில் 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரி எழுந்தது. 1986இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. விவசாய பீடமும் அங்கு உண்டு. பட்டப்படிப்பு ஆங்கிலத்தில் நடைபெறுகின்றது. உலக அறிவைப் பெற அது வேண்டற்பாலதே. ஆனால் ஆங்கிலத்திற் கற்றதைத் தமிழிற் சொல்லப் பட்டதாரிக்குச் சொல் வேண்டும். அச்சொல்லே சட்டத்திலும் வயலிலும் வழங்கவேண்டும். இல்லையெனில், பட்டமும் பாடுபடுவோனும் ஒரே வாவியின் இரு கரைகளாய் நின்றுவிடுவர்.

இப்பணி நமக்குப் புதிதன்று. காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள் 1930களிற் சென்னையில் நடைபெற்ற கலைச்சொல்லாக்க முயற்சிக்குத் தலைமை தாங்கினார். அவரைப் பெற்றெடுத்த மண் சொல்லுக்குப் பிறர் வாயிலில் நிற்கலாமோ?

ஆகவே மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கின்றோம். முதலாவது: பல்கலைக்கழகத்தாரும் விவசாயப் போதனாசிரியர்களும் சட்டத்தரணிகளும் கமக்காரர் அமைப்புகளும் ஒருங்கிருந்து ஒரு சொற்றொகுதி ஆக்குதல் வேண்டும். சட்டச்சொல், அதன் வரைவிலக்கணம், அதற்கு நேரான வயற்சொல் ஆகிய மூன்றும் அருகருகே நிற்கட்டும். இரண்டாவது: போகந்தோறும் நிகழும் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தில், கமக்காரரைத் தொடும் சட்ட விதிகள் தமிழில் வாசித்து விளக்கப்படல் வேண்டும். மூன்றாவது: சட்டத்தின் தமிழ் உரை மொழிபெயர்ப்பாக இராது, மூல உரையாகவே வரையப்பட்டுச் சம வலுப்பெறுதல் வேண்டும், இதை நம் பிரதிநிதிகள் நாடாளுமன்றத்தில் ஓயாது கோருதல் வேண்டும்.

கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017இல் முடிவுற்றது. அதன்பின் பல ஆண்டுகள் தேர்தலின்றியே கழிந்தன. சபை இல்லாத காலத்திலும் சொல்லைச் செப்பஞ்செய்ய நமக்குத் தடையில்லை. அதிகாரம் கைக்கு வரும் நாளில், அது என்னவென்று படித்தறிய வல்லவராய் நாம் இருத்தல் வேண்டும். விதைநெல்லைப் புடைத்து எடுப்பதுபோல் சொல்லையும் புடைத்து எடுப்போமாக!