அபராதமும் கூலியும்



முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் பணியாற்றி, அவற்றுள் இறுதிப் பதினோரு ஆண்டுகள் தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மயிலாப்பூரில், வடக்கு மாட வீதிக்கு அருகில் குடியிருக்கிறேன். இன்று நான் பேச எடுத்துக்கொண்டது, நான் செய்த ஒரு குற்றத்தையும், அதன் பின்னர்ப் பிறர் என்னிடம் செய்த ஒரு முறைகேட்டையும் பற்றியது. என் குற்றத்தை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன், அதுதான் முறை.

தீபாவளிக்கு முந்திய வாரம். பேரனுக்குச் சட்டை வாங்குவதற்காகத் தியாகராய நகருக்குச் சென்றிருந்தேன். உஸ்மான் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில் என் ஸ்கூட்டரை நிறுத்தினேன். அங்கே வண்டி நிறுத்தலாகாது என்று பலகை இருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை என்று சொன்னால் பொய்யாகும். பார்த்தேன், ‘பத்து நிமிடந்தானே’ என்று எனக்கு நானே சலுகை வழங்கிக்கொண்டேன். தணிகாசலம் சாலையில் வண்டிகளுக்கென்றே பல அடுக்குக் கட்டடம் இருக்கிறது. அங்கிருந்து நடப்பதற்குச் சோம்பல்.

தியாகராய நகரின் தெருக்களைக் குறை கூறுவோர் பலர். ஏரிப் படுகையாக இருந்த நிலத்தில் 1920களில் எழுந்த ஊர் அது. நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் பெயரை நகரும், பனகல் அரசர் பெயரைப் பூங்காவும் தாங்கி நிற்கின்றன. மாட்டு வண்டியும் ஜட்கா வண்டியும் ஓடிய காலத்தில் வகுத்த தெருக்கள் அவை; இன்றைய வண்டிப் பெருக்கத்தை அன்று யார் எண்ணியிருப்பார்? ஆனால் இந்த வரலாற்றைச் சொல்லி என் குற்றத்தை மறைக்க முடியாது. தெரு குறுகியது என்றால், அதில் வண்டியை நிறுத்தாமலிருக்க அதுவே மேலும் ஒரு காரணம் அன்றோ?

நாற்பது நிமிடங்கள் கழித்துத் திரும்பியபோது ஸ்கூட்டர் இல்லை. எதிர்க் கடைக்காரர் திசை காட்டினார். இழுத்து வந்த வண்டிகளை அடைத்து வைத்திருந்த இடத்திற்குப் போய்ச் சேர்ந்தேன். அங்கிருந்த காவலர் மரியாதையாகவே பேசினார். கைக்கருவியில் என் வண்டி எண்ணைப் பதிந்தார். அபராதம் 500 ரூபாய் என்றார். கைப்பேசி வழியே செலுத்தினேன். செலுத்திய மறுகணமே ரசீது என் கைப்பேசிக்கு வந்துவிட்டது. சென்னையில் போக்குவரத்து அபராதத்தை ரொக்கமாக வாங்கும் வழக்கத்தை 2018-இலேயே நிறுத்திவிட்டார்கள். அது ஒரு நல்ல ஏற்பாடு. இதுவரை எனக்கு ஒரு குறையுமில்லை.

வாயிற்புறத்தில் ஒப்பந்தக்காரரின் ஆள் ஒருவர் நின்றார். இழுவைக் கூலி, காவல் கூலி, கயிற்றுக் கூலி என்று மூன்றைச் சொல்லி, மேலும் 650 ரூபாய் ரொக்கமாகக் கேட்டார். அபராதத்தைவிடக் கூலி மிகுதி! “ரசீது தருவீர்களா?” என்றேன். “பெரியவரே, ரசீதெல்லாம் இங்கே கிடையாது. வண்டி வேண்டுமா, வேண்டாமா?” என்றார். இருட்டிக்கொண்டு வந்தது, மழைத் தூறல், வீட்டில் காத்திருப்பார்கள். கொடுத்துவிட்டேன்.

எனக்குப் பின்னால் ஓர் இளைஞன் நின்றிருந்தான். உணவுப் பொட்டலங்களை வீடுகளுக்குக் கொண்டு சேர்க்கும் வேலை. மாலையில் அது, பகலில் கல்லூரி என்று அவனே சொன்னான். சட்டைப் பையிலிருந்த நோட்டுகளை இருமுறை எண்ணினான். நான் ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவன், “நீங்களே குடுத்துட்டீங்க, சார். அப்ப சரியாத்தான் இருக்கும்” என்று சொல்லி, எண்ணிய பணத்தை நீட்டிவிட்டான்.

650 ரூபாய் போனது அன்றிரவு என்னை வருத்தவில்லை. அந்தச் சொல்தான் உறங்கவொட்டாமல் செய்தது. என் நரைமுடியையும் கண்ணாடியையும் பார்த்து அவன் அதைச் சட்டமென்று எடுத்துக்கொண்டான்.

மறுநாள் காலையில் சட்டப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 177ஆம் பிரிவு பொதுவான அபராதத்தைச் சொல்கிறது. முதற் குற்றத்திற்கு 100 ரூபாய் என்றிருந்ததை 2019ஆம் ஆண்டுத் திருத்தம் 500 ஆக உயர்த்தியது. தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் அது நடைமுறைக்கு வந்தது. வண்டியை இழுத்துச் செல்வதற்கு உரிய பிரிவு 127. தடை செய்த இடத்தில் நிற்கும் வண்டியை அகற்றுமாறு, சீருடையணிந்த, அப்பகுதிக்குரிய காவல் அலுவலர் ஆணையிடலாம்; அபராதம் நீங்கலாக இழுவைச் செலவையும் வண்டிக்காரரே ஏற்க வேண்டும் என்பது அதன் சாரம்.

‘செலவு’ என்ற சொல்லைக் கவனியுங்கள். அபராதம் என்பது தண்டனை. அது குற்றத்தின் அளவைப் பொறுத்தது. கூலி என்பது செய்த வேலைக்கு ஈடு. அது வேலையின் அளவைப் பொறுத்தது. இரண்டும் ஒரே வாயிலில் ஒரே மனிதனிடம் வாங்கப்படுவதால் ஒன்றாகிவிடா. இந்த வேறுபாட்டை நம் நாட்டில் தெளிவாக்கிய வழக்கு நம் மாகாணத்திலேயே எழுந்தது. உடுப்பியைச் சேர்ந்த சீரூர் மடத்தின் தலைவருக்கும் சென்னை இந்து அறநிலைய ஆணையருக்கும் நடந்த அவ்வழக்கில் 1954-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உடுப்பி அப்போது சென்னை இராச்சியத்தில் இருந்தது. மடங்களிடமிருந்து ஆண்டுதோறும் வாங்கிய தொகை கட்டணம் என்று அரசு வாதித்தது. கட்டணமாயின் செய்யும் பணிக்கும் வாங்கும் தொகைக்கும் தொடர்பு இருத்தல் வேண்டும். அத்தொடர்பு இல்லாததால் அது வரியே என்று நீதிபதிகள் கூறினர். பணிக்கும் தொகைக்கும் கணக்கு இம்மியும் பிசகாமல் ஒத்திருக்க வேண்டுமென்பதில்லை என்று பிற்காலத் தீர்ப்புகள் சற்றுத் தளர்த்தின. ஆனால் தொடர்பே வேண்டாமென்று எந்தத் தீர்ப்பும் சொல்லவில்லை. சட்டத்தின் அதிகாரமின்றி வரி விதிக்கவோ வசூலிக்கவோ கூடாது என்று அரசியல் சட்டத்தின் 265ஆம் பிரிவு கூறுகிறது. அரசுக்கே இந்தக் கட்டுப்பாடு என்றால், கயிறு வைத்திருப்பவருக்கு எவ்வளவு!

வசூலிக்க வந்தவன் தன் கூலியையும் சேர்த்துக் கேட்பது புதிய வழக்கமன்று. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் நிலவரி பாக்கி வைத்த குடியானவனைக் கிட்டி போட்டு வதைத்தார்கள். அக்கொடுமைகளை ஆராய்ந்த குழு 1855-இல் சென்னையில் அறிக்கை தந்தது. இயன்றால் கல்லூரி மாணவர்கள் அதைப் படிக்க வேண்டும். பின்னர் வந்த 1864ஆம் ஆண்டின் வருவாய் வசூல் சட்டத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நிலத்தை ஜப்தி செய்வதற்கு முன் கொடுக்கும் நோட்டீசில், பாக்கித் தொகையோடு, அந்த நோட்டீசைக் கொண்டு வருபவனுக்குரிய பேட்டா எவ்வளவு என்பதையும் எழுதியிருக்க வேண்டும் என்று அது விதித்தது. சேவகன் வாய்க்கு வந்ததைக் கேட்க இடமில்லை. தொகை தாளில் இருக்கிறது.

இங்கிலாந்திலும் இதே தொல்லை உண்டு. சிறு வாடகைப் பாக்கிக்காகச் சாமான்களை ஜப்தி செய்ய வரும் அமீனாக்கள் செலவு என்ற பெயரில் ஏழைகளைச் சுரண்டியதால், 1817-இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. 20 பவுனுக்கு மேற்படாத பாக்கிக்கு இன்னின்ன செலவுதான் என்று அட்டவணை வகுத்தார்கள். ஜப்தி செய்பவர் தம் கட்டணக் கணக்கில் கையொப்பமிட்டு ஒரு பிரதி கொடுக்க வேண்டும். மிகுதியாக வாங்கினால் வாங்கியதைப் போல் மும்மடங்கு திருப்பித் தர வேண்டும். அங்கே இக்காலத்தில் வண்டி நிறுத்திய அபராதத்தைச் செலுத்தாதவர் வீட்டுக்கும் அமீனா வருகிறார். 2014-இல் வகுத்த விதிகளின்படி முதற் கட்டத்திற்கு 75 பவுன், வீட்டுக்கு வந்தால் மேலும் 235, பொருளை ஏலத்துக்குக் கொண்டுபோனால் மேலும் 110 என்று படிநிலைகள் ஏற்பட்டன. மூல அபராதத்தைவிட அமீனாவின் கூலி பெருகிவிடுவதால் மக்கள் சச்சரவிடுகிறார்கள். தொகை சிறிதென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அது அச்சிட்ட தொகை, வாதாடுவதற்கு இடமிருக்கிறது.

இங்கே சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஆசிரியனுக்கு அந்த நோய் விடாது. ‘அமீன்’ என்னும் அரபுச் சொல்லுக்கு நம்பிக்கைக்குரியவர் என்பது பொருள். ‘ரசீது’ பாரசீகச் சொல். வந்து சேர்ந்தது என்று பொருள்படும். பணம் வந்து சேர்ந்தது என்று சொல்ல மறுப்பவரிடம், அது எங்கே போய்ச் சேர்கிறது என்று கேட்பதில் தவறென்ன?

கேட்டேன். அபராத ரசீதின் படியை இணைத்து, நாள், நேரம், இடம், கேட்ட மூன்று கூலிகள், கொடுத்த தொகை ஆகியவற்றை மட்டும் எழுதி உரிய அலுவலகத்திற்கு மனு அனுப்பினேன். முதல் வரியிலேயே, வண்டியை நிறுத்தியது என் தவறு, அபராதத்தை நான் மறுக்கவில்லை என்று எழுதினேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: எதை ஒப்புக்கொள்கிறோம், எதை மறுக்கிறோம் என்று பிரித்துச் சொல்லாத மனுவைப் படிப்பவர் முழுவதையும் ஒதுக்கிவிடுவார். ஆறு வாரம் பதிலில்லை. பிறகு, 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, அங்கீகரித்த இழுவைக் கட்டண அட்டவணையின் படியைக் கேட்டேன். இச்சட்டத்தின்படி 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். இருபத்தேழாம் நாள் வந்தது. நான் கொடுத்த தொகையில் ஒரு பகுதிக்கே அதில் இடமிருந்தது. காவல் கூலியும் இல்லை, கயிற்றுக் கூலியும் இல்லை.

அந்த அட்டவணையை இணைத்து இரண்டாம் மனு. இம்முறை அழைத்துப் பேசினார்கள். அதிகாரி ஒருவர், “ஐயா, இச்சிறு தொகைக்காகவா இவ்வளவு அலைகிறீர்கள்?” என்று உண்மையான வியப்போடு கேட்டார். ஒரு நாளைக்கு எத்தனை வண்டிகள் அந்த வாயிலைக் கடக்கின்றன என்று நான் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் கோப்பில் ஏதோ எழுதினார். பத்து நாள் கழித்து மிகைத் தொகை என் வங்கிக் கணக்கிற்கு வந்தது. அந்த வாயிலில் கட்டண அட்டவணையை எழுதி மாட்டியிருக்கிறார்கள் என்று அறிந்து, போய்ப் பார்த்தும் வந்தேன். எழுத்து சற்றுச் சிறியதுதான். எனினும் படிக்க முடிகிறது.

மீதியிருப்பது அந்த இளைஞனின் பணம். மனுக் கொடுத்தவருக்குத்தான் திருப்பித் தர இயலும் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள், அதுவும் நியாயமே. அவனைக் கண்டால் மனு எழுதிக் கொடுக்கலாமென்று, பனகல் பூங்காவின் அருகில் அவ்வேலை செய்யும் பிள்ளைகள் வண்டியோடு காத்திருக்கும் இடத்திற்கு மூன்று முறை சென்றேன். “பேர் என்ன சார்?” என்று அவர்கள் கேட்கிறார்கள். முப்பத்து நான்கு ஆண்டுகள் நாள்தோறும் வருகைப்பதிவு எடுத்தவன் நான். அன்று மாலை அவன் பெயரைக் கேட்கவில்லை.